கடற்போரின் முதற்கணம்: சாமுவேல் லீச்சின் தன்வரலாற்றில் ஓர் அதிகாரம்

1812 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 25 ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை, அத்திலாந்திக் சமுத்திரத்தில், அசோர்ஸ் தீவுகளுக்குத் தெற்கே பலநூறு மைல் தொலைவில், ‘மசிடோனியன்’ என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலும் ‘யுனைற்றெட் ஸ்ரேற்ஸ்’ என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலும் எதிர்ப்பட்டுப் பொருதன. ஆங்கிலக் கப்பலின் பிரதான பீரங்கிகள் 18 இறாத்தற் குண்டெறிவன. அமெரிக்கக் கப்பலினவோ 24 இறாத்தற் குண்டெறிவன. அமெரிக்கத் தலைவராகிய ஸ்ரீபன் டிகேற்றர் இவ்வேறுபாட்டை நன்குணர்ந்து, பகைவரை அணுகவிடாது எட்டநின்றே நொறுக்கினார். சில மணி நேரத்துள் ‘மசிடோனியன்’ பின்பாய்மரம் அடியோடு முறிய, ஏனைய இரண்டும் தலையிழந்து நிற்க, கொடியிறக்கிச் சரணடைந்தது. அதன் தலைவராகிய ஜோன் சேர்மன் கார்டன் மேலிடத்துக்கு விடுத்த அறிக்கையில், இறந்தோர் 36 பேர், காயமுற்றோர் 68 பேர் எனக் கணக்குக் காட்டினார். எதிர்க்கப்பலில் இறந்தோரும் காயமுற்றோரும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு டசின் பேரே.

அறிக்கையிற் காணப்படுவன முறிந்த மரங்களும் எண்களுமே. அறிக்கைக்கு வேண்டுவனவும் அவையே. ஆயின் அதே கப்பலின் பிரதான தட்டில், ஐந்தாம் பீரங்கிக்கு வெடிமருந்து சுமந்து கொடுத்த 14 வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவன் முதிர்ந்து, நாடு மாறி, தொழில் மாறி, முப்பது ஆண்டுகளின் பின் அந்நாளை நினைந்து எழுதிய அதிகாரம் ஒன்று உண்டு. ‘இல்லம் நீங்கிய முப்பதாண்டுகள், அல்லது பிரதான தட்டிலிருந்து ஒரு குரல்’ எனப் பொருள்படும் பெயரோடு 1843 இல் பொஸ்ரன் நகரில் வெளிவந்த நூலில் அவ்வதிகாரம் அடங்கியுள்ளது. நூலாசிரியர் பெயர் சாமுவேல் லீச்.

லீச் 1798 இல் எசெக்ஸ் மாகாணத்தில் பிறந்தவர். இளமையிலே தந்தையை இழந்தவர். 1810 இல், 12 வயதுப் பிள்ளையாகக் கப்பலேறினார். ‘மசிடோனியன்’ அகப்பட்டு அமெரிக்கத் துறைக்குக் கொண்டுவரப்பட்டபொழுது தப்பியோடி, பின்னர் அமெரிக்கக் கடற்படையிலேயே சேர்ந்தார். 1814 இல் அவர் ஏறியிருந்த ‘சைரன்’ என்னுங் கப்பலை ஆங்கிலேயர் பிடித்தனர். தம் பழைய படையினர் தம்மை இனங்கண்டு தூக்கிலிடுவரோ என்னும் ஏக்கத்தோடு நன்னம்பிக்கை முனையிற் சிறையிருந்தார். ஈற்றில் மசாச்சுசெற்ஸ் மாநிலத்திற் குடியேறி, கடைவைத்து, மதப்பற்றும் மதுவிலக்குப் பற்றும் மிக்க குடும்பத்தராக வாழ்ந்து 1848 இல் இறந்தார். இவ்வரலாற்றை ஈண்டுக் கூறியது காரணம் பற்றியேயாம். சுமந்தவன் ஒருவன், எழுதியவர் பிறிதொருவர் என்று சொல்லத்தக்க அளவுக்கு அவ்விருவர்க்கும் இடையே தூரமுண்டு. இந்நூலை மதிப்பிடுவோர் முதலில் எதிர்கொள்ள வேண்டிய இடர்ப்பாடு இதுவே.

நூல் முழுவதும் ஒரு தரத்ததன்று என்பதை ஒளிக்க வேண்டுவதில்லை. ரிச்சர்ட் ஹென்றி டானா 1840 இல் வெளியிட்ட கப்பல்வாழ்க்கை நூல் பெற்ற வரவேற்பின் பின்னர், மாலுமிகளின் நினைவுகளுக்கு அமெரிக்காவில் வாசகர் பலர் இருந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் சீர்திருத்த நாட்டமுடையோர். கசையடியையும் குடியையும் கண்டிக்கும் நூல்களை விரும்பி வாங்கியோர். லீச் அவர்களுக்கு வேண்டியதைக் குறைவின்றிக் கொடுத்தார். பல இடங்களில் கதையை நிறுத்தி அறமுரைக்கின்றார். அறமுரைக்கும் இடங்களில் அவர் நடை வேறு யாருடைய நடையாகவும் இருக்கலாம். கப்பல் தோன்றிய காலைவேளையை அவர் விரிக்கும் முறையும் குறையுடையதே. பாய்மரத்தின் உச்சியிற் காவலிருந்தவன் கப்பலொன்று தெரிகிறதெனக் கூவுகின்றான்; தலைவர் விரைந்து வந்து வினவுகின்றார்; விடை வர வர, கண்ணுக்குப் புள்ளியாய் நின்றது பெருங்கப்பலாகின்றது, பின்னர் எதிர்நோக்கி வரும் போர்க்கப்பலாகின்றது. நாடக மேடைக்கு மிக இசைந்த உரையாடல் அது. முப்பதாண்டு பலமுறை சொல்லிச் சொல்லி வழவழப்பாக்கப்பட்ட கதை என்பது தெளிவு. இவ்விடத்தில் நூலை மூடிவைப்பார் ஒருவர் இருப்பின் அவரைக் குறை கூறவியலாது. ஆனால் அடுத்து வரும் நான்கைந்து பக்கங்களை அவர் இழப்பர்.

அப்பக்கங்கள் முரசொலியோடு தொடங்குகின்றன. இடைச்சுவர்ப் பலகைகள் தட்டி அகற்றப்படுகின்றன, பீரங்கிகள் கட்டவிழ்க்கப்படுகின்றன. வாத்தியக்காரர் தமக்குப் போரில் வேலையில்லை எனக் கூறி வடக்கயிறு சுருட்டி வைக்கும் அறையில் ஒளிந்து கொள்கின்றனர். நோயாளி ஒருவன் படுக்கையை விட்டெழுந்து தன் இடத்துக்கு வருகின்றான். வெடிமருந்தறையின் வாயிலிலே கம்பளித் திரையொன்று தொங்கவிடப்படுகின்றது. அத்திரையில் ஒரு துவாரம். துவாரத்தினூடாக வரும் மருந்துப் பொதியைச் சிறுவர் வாங்கித் தம் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு பீரங்கியிடம் ஓடவேண்டும். தீப்பொறி பட்டால் மருந்தோடு பிள்ளையும் போவான். திரையும் துவாரமும் சட்டையும் அறிக்கைகளில் வாரா. ஆனால் அச்சிறுவனுக்கு அப்போர் நிகழ்ந்த இடம் அத்திரைக்கும் ஐந்தாம் பீரங்கிக்கும் இடைப்பட்ட சில முழ நீளமே. லீச் இந்த எல்லையை மறவாதிருக்கும் வரையும் அவருடைய எழுத்துப் பிழைபடுவதில்லை.

இந்த ஆயத்தங்களுக்கிடையே இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வருகின்றன. தலைவர் கார்டன் தட்டுகளினூடே நடந்து, நெல்சன் பெருமகனாரின் புகழ்பெற்ற கடமை வாசகத்தை எடுத்துக்கூறி மாலுமிகளை ஊக்குகின்றார். திராபல்காரிற் கொடிகளால் விடுக்கப்பட்ட அவ்வாசகம் ஏழாண்டுக்குள்ளே மற்றைத் தலைவர்களும் எடுத்துச் சொல்லும் வாய்பாடாகி விட்டது. மற்றைச் செய்தி யாதெனின், கீழ்த்தட்டிலே இளநிலை அதிகாரிகளாகிய பையன்கள் சிலர் நிறுத்தப்பட்டு, இடம்விட்டு ஓட முயல்வோன் எவனாயினும் அவனைச் சுட்டுவிடும்படி பணிக்கப்பட்டனர் என்பது. மாலுமிகளின் காதிற் படும்படியே அக்கட்டளை பிறந்தது என்று லீச் குறிப்பிடுகின்றார். நெல்சனின் வாசகத்தை வரலாற்றுப் பாடத்தில் மனனஞ் செய்யாத மாணவன் அரியன். அவ்வாசகத்தை மேலே சொல்லும்பொழுதே கீழே துப்பாக்கி பிடித்து நின்ற பையன்களைப் பாடநூல்கள் காட்டியதில்லை.

தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறத்தற்குரிய நிலைக்களன் நான்கு கூறினார். அணங்கு, விலங்கு, கள்வர், தம்மிறை என்பன அவை. பகைவர் என்பது இந்நான்கனுள் இல்லை என்பது ஊன்றி நோக்கத்தக்கது. பகைவனைக் கண்டவழி வீரனுக்குப் பிறக்கவேண்டியன தறுகண் பற்றிய பெருமிதமும் வெகுளியுமே போலும். கடல்கடந்த உரைநடை நூலொன்றுக்குச் செய்யுளுக்குரிய இலக்கணத்தைப் பொருத்துதல் முறையாகுமோ என வினவுவார் உளர். முறையோ அன்றோ, லீச்சின் அதிகாரத்தில் அஃது எழுத்துக்கெழுத்துப் பொருந்துகின்றது. முதற்குண்டு வெடிக்குமுன்னரே அச்சம் தோன்றிவிடுகின்றது, அது பகைவரால் தோன்றியதன்று, தம்மிறையால் தோன்றியது. தம்மிறைக்கு அஞ்சுதல் இன்னதென்பதைப் பாடசாலை மலரொன்றின் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இதற்கு அவ்வதிகாரமே தரும் சான்று ஜோன் கார்ட் என்னும் மாலுமியின் கதை. ஆங்கிலக் கடற்படை அக்காலத்திற் பிற நாட்டு மாலுமிகளையும் வலிந்து பிடித்துத் தன் கப்பல்களில் ஏற்றுவது வழக்கம். 1812 இல் அமெரிக்கா போர் தொடுத்தமைக்கு அதுவும் ஒரு காரணம். ‘மசிடோனிய’னிலும் அமெரிக்கர் சிலர் இருந்தனர். எதிரே வருவது தன் நாட்டுக் கப்பல் எனக் கண்டதும் கார்ட் தலைவரிடஞ் சென்று, தன்னைப் போர்க்கைதியாகக் கொள்ளுமாறும் தன் நாட்டாரோடு பொரத் தன்னால் இயலாதென்றும் வெளிப்படையாக விண்ணப்பித்தான். மீண்டும் கேட்டால் சுட்டுவிடுவதாக அச்சுறுத்தி, அவனை அவனுக்குரிய பீரங்கியிடம் போகப் பணித்தார் தலைவர். அவன் போனான். தன் நாட்டார் எறிந்த குண்டினாலேயே மாண்டான். கப்பலை இழந்ததிலும் இச்செயலே கார்டனுக்குப் பெரிய இழுக்கு என்று லீச் முடிவுரைக்கின்றார். அம்முடிவுரை தேவையில்லை. நிகழ்ந்ததைக் கூறிய மூன்று நான்கு வாக்கியங்களே அத்தீர்ப்பை முன்னரே வழங்கிவிட்டன.

இனிப் போரின் முதற்கணத்துக்கு வருவோமாக. கப்பலின் இடப்புறத்திலிருந்து மூன்று பீரங்கிகள் வெடிக்கின்றன. உடனே, குண்டுகள் வீணாகின்றன, நிறுத்துக எனக் கட்டளை வருகின்றது. பின்னர்க் கப்பலைத் திருப்பி வலப்புறப் பீரங்கிகளை ஆயத்தம் பண்ணுகின்றனர். அவ்வேளையில் வேறெங்கோ பீரங்கியொலி கேட்கின்றது. தம் கப்பலின் பின்மேற்றட்டிலுள்ள பீரங்கிகளே வெடித்தன என்று சிறுவன் எண்ணிக் கொள்கின்றான். அஃது அவ்வாறன்று, பகைவரின் பீரங்கி முழக்கமே அது. அதனையடுத்து, தான் முன்னொருகாலுங் கேட்டிராத ஓர் ஓசை தலைக்குமேலே எழுகின்றது. கப்பற்பாயைக் கிழிப்பது போன்ற ஓசை. சற்றுப் பின்னரே அஃது எதிரியின் குண்டுகள் காற்றைக் கிழித்துச் செல்லும் ஒலியென அறிகின்றான்.

இவ்விரு செய்திகளும் நூலின் உயிர்நிலை எனலாம். முதலாவது செய்தியிற் பாதுகாக்கப்பட்டிருப்பது ஒரு பிழை. முப்பதாண்டின் பின் எழுதுபவர்க்கு அப்பிழையைத் திருத்திவிடுதல் எளிது. எதிரி சுட்டான், போர் தொடங்கிற்று என ஒரு வாக்கியத்தில் முடித்திருக்கலாம். எந்த வாசகரும் குறை கண்டிரார். ஆனால் அவர் அறியாமையை அறியாமையாகவே வைத்து, அது தெளிந்த முறையையும் அடுத்து வைக்கின்றார். பின்வந்த அறிவு முன்னிருந்த மயக்கத்தை அழித்துவிடாது நிற்றலே நினைவு மெய்யானதென்பதற்கு அடையாளம். புனைபவன் இத்தகைய பிழையைப் புனைய வேண்டுமாயின் மிகுந்த கலைத்திறன் வேண்டும். லீச்சுக்கு அத்திறன் இல்லையென்பதை உச்சிக் காவலனின் நாடக உரையாடலே காட்டிவிட்டது. ஆகவே இங்கு எழுதியது திறனன்று, நினைவே என்று துணிந்து கூறலாம்.

இரண்டாவது செய்தியில் உள்ளது ஓர் உவமை. தலைக்குமேற் பறக்கும் குண்டின் ஒலிக்குப் பாய் கிழியும் ஒலியை ஒப்பிட்டது, மாலுமியின் செவிக்கு மிக அண்மையிற் கிடந்த பொருளை எடுத்தமையாம். வேறொரு தொழிலாளன் வேறொன்றை எடுத்திருப்பான். இதனோடு, சில வரி கடந்து வரும் உவமையை ஒப்பிடுக. போரின் முழக்கத்தை அவர் இடியும் மின்னலும் நிறைந்த பெரும்புயலுக்கு ஒப்பிடுகின்றார். சிதறுகுண்டுகள் ஈயமழையாகின்றன, பெருங்குண்டுகள் இரும்பாலங்கட்டியாகின்றன. இவை அக்காலத்து எழுத்தாளர் பலர் கையிற் புழங்கித் தேய்ந்தவை. கடலையே காணாத ஒருவனும் இவற்றை எழுதலாம். புயல் வரும்பொழுது பேசுபவர் மசாச்சுசெற்ஸில் இருந்த நூலாசிரியர். பாய் கிழியும்பொழுது கேட்பவன் ஐந்தாம் பீரங்கிச் சிறுவன். ஒரே பக்கத்தில் இருவரையும் வேறுபிரித்தறியும் பயிற்சியை இந்நூல் வாசகர்க்குத் தருகின்றது.

மெய்ப்பாட்டு வழக்கிற் கூறின், அவ்வோசை முதலில் எழுப்பியது அச்சமன்று, மருட்கை. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கும் மருட்கைக்கு நிலைக்களன் எனத் தொல்காப்பியனார் கூறினார், ஈண்டுப் புதுமை. முன் கேட்டிராத ஒன்றைக் கேட்ட சிறுவன் ஒருகணம் வியந்து நிற்கின்றான். கொல்லவந்த பொருள் எனத் தெரியாமையால் வியக்க இயலுகின்றது. தெரிந்தபின் வியப்புக்கு இடமில்லை. அந்த ஒருகணத்தைப் பற்றி எழுதியோர் மிகச் சிலர். அதனைக் கடந்து பிழைத்தோர்க்கு அதனைப் பற்றிப் பேச நாணமாகவும் இருக்கலாம்.

செவி முந்துதலும் கண் பிந்துதலும் அப்பக்கங்கள் முழுவதிலும் காணப்படும். தட்டின் உள்ளிருப்பவனுக்குப் பீரங்கி வாயிலன்றிப் பிற சாளரமில்லை. ஓடுபவனுக்கு அதனூடே பார்க்கவும் பொழுதில்லை. ஆகவே குண்டு கப்பலின் பக்கத்தைத் தாக்குவதைக் கேட்கின்றான். காயமுற்றோர் ஓலத்தைக் கேட்கின்றான். கண்ணாற் கண்ட முதற்காட்சியும் விளைவேயன்றிக் காரணமன்று. தன் பீரங்கியில் நின்ற ஒருவனுடைய கையிலிருந்து இரத்தம் திடீரெனப் பீறிடுகின்றது. அவனைத் தாக்கியது யாது என்பதைக் காணவில்லை. மூன்றாம் லெப்ரினன்ற் தம் கைக்குட்டையை அவிழ்த்து அக்கையைச் சுற்றிக் கட்டி, முனகும் அவனைக் கீழே வைத்தியரிடம் அனுப்புகின்றார். பக்கத்துப் பீரங்கிகளின் சிறுவர் இருவர் அடுத்தடுத்து வீழ்கின்றனர். ஒருவனுக்குக் கால் போயிற்று; மற்றவனைத் தடித்த யோர்க்ஷயர்க்காரன் ஒருவன் இரு கையாலும் தூக்கிக் கொண்டோடுகின்றான். அவர்கள் வீழ்ந்ததனால் லீச்சுக்கு நேர்ந்தது யாது? மூன்று நான்கு பீரங்கிகளுக்கு மருந்து சுமக்கும் வேலை. வீழ்ந்தோரை நின்று நோக்கவும் இயலாமற் போயிற்று என்பதே அவர் கூறும் குறை. இரக்கத்துக்குப் பொழுதில்லாத இந்த நிலையை அவர் விளக்கவுமில்லை, அதற்காக வருந்தவுமில்லை. கூறிவிட்டு அப்பாற் செல்கின்றார்.

கேட்டதையும் கண்டதையும் அவர் கலந்துரைப்பதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. பின்மேற்றட்டிற் போர்த்துக்கீசச் சிறுவர் இருவர் இறந்தனர். அவருள் ஒருவன் சுமந்த மருந்து தீப்பற்றி முகத்தசை எரிய, அவன் இரு கைகளையும் மேலே தூக்கினான். அந்நிலையிலே குண்டொன்று அவனை இருகூறாக்கிற்று. அதிகாரத்திலே மிகக் கொடிய காட்சி இது. நூல் விற்பனையையே கருதியவராயின் இதனைத் தாமே கண்டதாக எழுதியிருப்பார். கண்டவன் ஒருவன் பின்னர்த் தமக்குச் சொன்னான் என்றே லீச் எழுதுகின்றார். மாறாக, காயமுற்ற ஒருவனைத் தம்மைக் கடந்து சுமந்து சென்றபோது பெரிய இரத்தத் துளிகள் தட்டின்மேல் ஒவ்வொன்றாய் வீழ்ந்த ஒலியைத் தெளிவாகக் கேட்டதாகக் கூறுகின்றார். பீரங்கிகளின் முழக்கத்திடையே துளி வீழும் ஒலி கேட்குமா என்பார் கேட்கலாம். கேட்டிராமலும் இருக்கலாம்; துளி வீழ்வதைக் கண்ட கண் ஒலியைச் செவிக்குக் கொடுத்திருக்கலாம். அவ்வாறாயினும், முப்பதாண்டு நீங்காது ஒருவரின் காதில் நின்றது எது என்பதை அறிகிறோம்.

கப்பலிற் சிறுவர்க்குப் பாடஞ் சொல்லிய உபாத்தியாயர் ஒருவரும் அன்று உயிர்போகும் காயமுற்றார். லீச் அவருக்கு ஒரு வாக்கியமே ஒதுக்குகின்றார். ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கு இது சிறிது மனக்குறையாகலாம்; ஆனால் ஒதுக்கிய வாக்கியம் மெய் வாக்கியம்.

இறந்தோரும் இறவாதோரும் கிடந்த அத்தட்டிலே மாலுமிகள் இடைவிடாது ஆரவாரித்தனர். அவர்களோடு சிறுவனும் ஆரவாரித்தான். எதற்காக ஆரவாரித்தான் என்பது தனக்கே தெரியவில்லை என்று அவர் ஒப்புக்கொள்கின்றார். அவன் நின்ற பகுதிக்குக் கொலைகூடம் என்றே பின்னர்ப் பெயர் வழங்கிற்று. பெருமிதம் எனப் பிறர் பாடக்கூடிய ஆரவாரத்தின் உள்ளீடு இவ்வாறு ஒரு வரியில் வெளிப்படுகின்றது. ஓடினால் தம் அதிகாரிகளாற் சாவு. சோர்ந்து நின்றால் கோழையெனும் பெயர். ஆகவே மகிழ்ச்சியுடையோர்போற் காட்டிக் கொள்வதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை என அவர் காரணங் கூறுகின்றார். போர் நடக்கும்பொழுது உம் உள்ளம் எப்படியிருந்தது எனப் பலர் தம்மை வினவியதாகவும், மற்றையோர்க்கு இருப்பது போலவே தமக்கும் இருந்ததாகவும் அவர் கூறும் விடையில் சற்றுச் சலிப்புத் தொனிக்கின்றது. வினவியோர் வீரத்தை எதிர்பார்த்தனரோ திகிலை எதிர்பார்த்தனரோ தெரியவில்லை. இரண்டையும் அவர் கொடுக்கவில்லை.

ஆயினும் இவ்விடத்திலே மதப்பற்றுடைய முதியவர் மீண்டும் தலைகாட்டுகின்றார். ஒவ்வொரு முனகலும் மறுமையை நினைவூட்டியதாகவும், தெரிந்த ஒரே செபத்தைத் திரும்பத் திரும்ப ஓதியதாகவும், பிழைத்தால் நல்லொழுக்கத்தோடு வாழ்வதாக நேர்ந்துகொண்டதாகவும் எழுதுகின்றார். இத்தகைய பகுதி அக்காலத்து நூல்கள் பலவற்றிலும் உண்டு. அங்கெல்லாம் நேர்ந்தவன் திருந்திவிடுவான். லீச் அந்நேர்த்தியைத் தாம் நிறைவேற்றவில்லை என்றும், இடிமுழக்கத்திடையே நேர்வது எளிது, அமைதியிற் கடைப்பிடிப்பதே அரிது என்றும் சேர்த்துரைக்கின்றார். மதநூலாகத் தொடங்கிய பத்தி இவ்வொப்புதலாற் காப்பாற்றப்படுகின்றது.

இனி, இந்நூலை நம்பலாகாது என்பார் கூற்றையும் எடுத்து நோக்குதல் முறை. லீச் தம் படையை விட்டோடியவர். பகைவர் படையிற் சேர்ந்தவர். பகைவர் நகரில், பகைவராயிருந்தோர் வாசிப்பதற்காக எழுதியவர். ஆங்கிலத் தலைவர்களைக் கொடியராகக் காட்டுதல் அவருக்கு நலந்தருவதே. ஜோன் கார்டின் கதை அமெரிக்க வாசகர்க்கு எத்துணை இனித்திருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். கார்டன் தலைவரின் பக்கமும் பேசத்தக்கது. எதிர்க்கப்பல் தோன்றிய வேளையில் ஒருவனை விலக்கினால் மற்றையோரும் விலகக் கேட்பர், கட்டுப்பாடு குலையும். 1813 மே மாதத்திற் பெர்மியூடாவிற் கூடிய படைநீதிமன்று கார்டனையும் அவர்தம் அதிகாரிகளையும் மாலுமிகளையும் மதிப்போடு விடுவித்தது.

இவை எளிதில் தள்ளத்தக்க தடைகளல்ல. எனினும், அதே நீதிமன்று ஒரு குறையும் கண்டது. தொடக்கத்திற் காற்றுமுகத்தைக் கைவிடாதிருக்கும் பேராவலினாற் பகைவரை நெருங்கிப் பொரும் வாய்ப்பைக் கார்டன் இழந்தார் என்பது அது. இதனைச் சிறுவனின் நினைவோடு வைத்து நோக்குக. மூன்று பீரங்கிகள் வெடித்ததும், குண்டுகள் வீணாகின்றன, நிறுத்துக எனத் தட்டிற் பிறந்த கட்டளை தூரத்தின் விளைவேயாம். போர்த்தந்திரம் அறியாத, எதிர்க்கப்பலைக் கண்ணாலும் காணாத பிள்ளையின் காதில் விழுந்த அக்கட்டளை, நீதிபதிகள் பல நாட்சான்று கேட்டு எட்டிய முடிவோடு இயைகின்றது. மேலும், வெறுப்பினால் எழுதுபவர் அதிகாரிகளுள் நல்லவர் எவரையும் காட்டார். லீச்சோ காயக்காரனின் கையைத் தம் கைக்குட்டையாற் கட்டிய மூன்றாம் லெப்ரினன்றை மறவாது காட்டுகின்றார். நம்பத்தக்க பக்கங்கள் எவை, நம்பத்தகாதன எவை என்னும் வினாவுக்கு விடை, எழுதியவர் யார் பக்கம் நின்றார் என்பதிலன்றி, எழுதிய வரி எவ்வளவு அருகிலிருந்து வருகின்றது என்பதிலேயே தங்கியுள்ளது.

போரின் முதற்கண மயக்கத்தை இலக்கியமாக்கியோருள் முதலில் வைத்து எண்ணப்படுபவர் பிரெஞ்சு நாவலாசிரியர் ஸ்ரெந்தால். அதே 1812 இல் நெப்போலியனின் படையோடு மொஸ்கோ வரை சென்று மீண்டவர் அவர். 1839 இல் வெளிவந்த ‘பார்மாவின் மடம்’ என்னும் நாவலில், பப்ரீஸ் என்னும் இளைஞன் வோட்டர்லூக் களத்திற் புகுந்து, நிலத்திலிருந்து மண்கட்டிகள் சிதறியெழுவதைக் கண்டு மயங்குகின்றான். குண்டு விழுவதால் எழுந்தவை அவை எனப் பின்னரே உணர்கின்றான். காரணத்தினும் விளைவே முந்துறக் காணப்படும் முறையில் இருவரும் ஒக்கின்றனர். லீச் அந்நாவலை வாசித்திருப்பார் எனக் கருத இடமில்லை. வேறுபாடும் உண்டு. ஸ்ரெந்தால் தம் இளைஞனைப் பார்த்து நகைக்கின்றார். பப்ரீஸ் தானே விரும்பிப் போர்க்களத்துக்கு வந்தவன். விரும்பினால் அகலவும் அவனுக்குக் குதிரையுண்டு. திரைக்கும் பீரங்கிக்கும் இடையே ஓடிய சிறுவனுக்கு அகலுமிடம் கீழ்த்தட்டு. அங்கே துப்பாக்கியோடு நின்றோர் இன்னாரென்பது முன்னரே கூறப்பட்டது. அவனைப் பார்த்து நகைத்தல் யார்க்கும் அரிது.

ஹேர்மன் மெல்வில் 1843, 1844 ஆம் ஆண்டுகளில் ‘யுனைற்றெட் ஸ்ரேற்ஸ்’ கப்பலிலேயே சாதாரண மாலுமியாகப் பணிபுரிந்தவர். 1850 இல் அவர் வெளியிட்ட ‘வெண்சட்டை’ என்னும் நூலில், தோனி என்னும் முதிய நீக்ரோ மாலுமி தான் முன்னொருகால் வலிந்து பிடிக்கப்பட்டு ‘மசிடோனிய’னில் இருந்ததாகவும், அப்போரில் தன் நாட்டார்க்கெதிரே நிறுத்தப்பட்டதாகவும் கதை சொல்கின்றார். மெல்வில் இதற்கு லீச்சின் நூலைப் பயன்படுத்தினார் என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிவு. மெல்வில் பேராற்றல் வாய்ந்தவர். லீச் எழுதியதினும் பன்மடங்கு உரத்த குரலில் அத்தட்டின் கோலத்தைத் தீட்டுகின்றார். தலைவர் அச்சுறுத்திய செய்தியும் அங்கே உண்டு. ஆனால் அவர் விரித்தது பெரும்பாலும் போர் செய்துமுடித்த கோலத்தையே. இரத்தக்குட்டையிற் புரண்டமையால் உண்ணத் தகாததென மாலுமிகள் கடலில் எறிந்த பன்றியொன்றும் அவர் கதையில் வருகின்றது. லீச்சிடம் அப்பன்றி இல்லை.

அதிகாரிகள் பாலுக்காக வளர்த்த ஆடொன்று அன்று குண்டுபட்டது. மெல்வில்லின் நூலில் அதற்குப் பெயரில்லை; இழந்தவை முன்னங்கால்கள். லீச்சின் நூலில் இழந்தவை பின்னங்கால்கள். அதன் பெயர் நான். கடலில் எறிந்தார்கள்.